கூடத்துச் சண்டையும் வீட்டு அடியும்

ரோரி மில்லர் சிறைக் காவலராக இருந்தவர். கூட்டாளிக்குக் காயம்படக் கூடாதென்று ஒவ்வொரு பயிற்சியிலும் வேண்டுமென்றே ஒரு குறையை வைக்கிறோம் என்கிறார் 'மெடிடேஷன்ஸ் ஆன் வயலன்ஸ்' (2008) நூலில். குத்து ஒரு அங்குலம் முன்னாலேயே நிற்கும். தரையைத் தட்டினால் பிடி தளரும். அசல் தாக்குதலோ வணக்கம் வைத்துவிட்டு வராது. எதிர்பாராத நேரத்தில், மிக நெருக்கத்தில் வரும். கை கால் உறைந்துவிடும்.

இதெல்லாம் சரிதான். ஆனா அவர் வேலை பார்த்தது சிறையில். சீருடை இருந்தது, கூப்பிட்டால் சக காவலர்கள் ஓடிவருவார்கள். கொல்லப்படும் பெண்களில் 38% வரை கணவனாலோ துணைவனாலோ கொல்லப்படுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்காப்பு வகுப்பு விளம்பரத்தில் மட்டும் எப்பவும் இருட்டுச் சந்து, முகம் தெரியாத ஆள். மணிக்கட்டை உதறி விடுவித்துக்கொண்டவள் அன்று ராத்திரி எங்கே போய்ப் படுப்பாள்? நான் பார்த்த வகுப்புகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை.