கூலி சேர்க்காத கணக்கு

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி, ரிப்பேர் செய்து விற்கும் 'வீலர் டீலர்ஸ்' நிகழ்ச்சியை நீங்கள் டி.வி.யிலோ யூடியூபிலோ எட்டிப் பார்த்திருக்கலாம். 2003-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்தது. ஃபார்முலா ரொம்ப சுலபம். மைக் ப்ரூவர் என்பவர் பேரம் பேசி ஓர் ஓட்டை காரை வாங்கி வருவார். எட் சைனா என்கிற ஆறடி ஏழு அங்குல ஆசாமி, ஆரஞ்சு கலர் கையுறை மாட்டிக்கொண்டு அதைச் சரிசெய்வார். கடைசியில் மைக் அதை விற்று, கைகுலுக்கி, லாபத்தைச் சொல்வார். சோபாவில் சாய்ந்திருக்கும் நமக்கு, 'அட, இதை நாமே செய்யலாம் போலிருக்கே!' என்று தோன்றும்.

அந்தத் தோன்றலைப் பற்றித்தான் இந்த வாரம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கார் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் யாராவது கத்துவார்கள், டயர் புகையும், அவ்வளவுதான். இதில் எட் சைனா, கழற்றிய பாகத்தை காமிராவுக்கு நேரே பிடித்து, இது என்ன, எப்படி வேலை செய்யும், ஏன் கெட்டது என்று பொறுமையாகச் சொல்வார். 'கெட்டுப்போச்சு, புதுசு மாட்டிட்டேன்' என்று முடிக்க மாட்டார். நல்ல பிசிக்ஸ் வாத்தியாரிடம் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கியர்பாக்ஸைப் பிரித்தே பார்க்காதவர்கள்கூட க்ளட்ச் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு எழுந்திருப்பார்கள். டெலிவிஷனில் இது அபூர்வம்.

என் புகார் கடைசி இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. கார் விலை இவ்வளவு, ஸ்பேர் பார்ட்ஸ் இவ்வளவு, பெயின்ட் இவ்வளவு, விற்றது இவ்வளவு, லாபம் இவ்வளவு. சரி, எட் சைனாவின் கூலி? அது அந்த லாபக் கணக்கில் வராது. எத்தனை மணி நேரம் காருக்கு அடியில் படுத்திருந்தாலும் அது பவுண்டாக மாறுவதில்லை. வீட்டம்மாவின் சமையலுக்குச் சம்பளம் போடாமல், 'ஓட்டலைவிட வீட்டுச் சாப்பாடு சீப்' என்கிறோமே, அதே ரகக் கணக்கு.

இது சின்ன விஷயமில்லை. ஏன் என்று பார்க்க, வீட்டு ஷெட்டில் கார் புதுப்பிக்கும் ஆங்கிலேயர்களின் செல்லப்பிள்ளையான எம்.ஜி.பி.யை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை அபிங்டன் என்ற ஊரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 1798 சி.சி. இன்ஜின். எளிமையானது. இன்றைக்கும் ஏறக்குறைய எல்லா பார்ட்ஸும் கிடைக்கும். 'ஆரம்பிக்கிறவர்களுக்கு ஏற்ற கார்' என்று எல்லோரும் சொல்வார்கள்.

சொல்வார்கள். ஆனால் கதவுக்குக் கீழே நீளமாக ஒரு பெட்டி மாதிரித் தகடு ஓடுகிறதே, 'சில்' என்பார்கள், அதைத் தட்டிப் பாருங்கள். இந்தக் காரில் தனியாக சேஸிஸ் கிடையாது. திறந்த மாடலில் கூரையும் இல்லை. வண்டியின் முதுகெலும்பு போல பாரம் தாங்குவது இந்த சில்தான். முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறு, ஃபெண்டருக்குப் பின்னால் போய் அடைந்துகொள்ளும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு வேறு தூவுகிறார்கள். எனவே துரு உள்ளேயிருந்து வெளியே வரும். மேலே பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறபோது உள்ளே அப்பளம்.

பட்டி பார்த்து மறைத்துவிடலாம்தான். விற்கிறவர்கள் நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். நேர்மையாகச் செய்ய வேண்டுமென்றால் சில்லை வெட்டி எடுத்து, பல அடுக்குத் தகடுகளைப் புதிதாக வெல்டிங் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் கதவு இருந்த இடைவெளியில் குறுக்கே இரும்புக் கம்பி கொடுத்து முட்டுக்கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் வெட்டுப்பட்ட வண்டி கொஞ்சம் தொய்ந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் முடித்து, கதவை மாட்டி, சாத்தினால் சாத்தாது. அப்போது தெரியும். மறுபடி வெட்டு.

அதனால் அனுபவஸ்தர்கள் கொஞ்சம் பற்றவைப்பார்கள், கதவை மாட்டிப் பார்ப்பார்கள், கழற்றுவார்கள், இன்னும் கொஞ்சம் பற்றவைப்பார்கள். இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ரப்பர் குழாயைக் காதில் வைத்து, 'உஸ்' சத்தத்தை மாற்றி மாற்றிக் கேட்பார்கள். இதையெல்லாம் டி.வி.யில் எப்படிக் காட்டுவது? பின்னணி இசை போட்டு பன்னிரண்டு நொடியில் முடித்துவிட வேண்டியதுதான்.

ஒரு பேச்சுக்கு, முழுக் காரையும் புதுப்பிக்க 500 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 50 பவுண்டு கூலி போட்டால் 25,000 பவுண்டு. லாபம் எங்கே போயிற்று? இந்தக் கணக்கு தெரியாமல் ஆரம்பித்து, பாதியில் மனம் சலித்து, காரை அட்டைப்பெட்டிகளில் போட்டு விற்கிறவர்கள் உண்டு. 'முடிக்கப்படாத ப்ராஜெக்ட், இடம் காலி செய்ய வேண்டும்' என்ற ஒரு வரி விளம்பரத்துக்குப் பின்னால் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை சண்டைகள்!

'அப்படியானால் எதற்கு இந்த வம்பு? புதுசாகவே வாங்கிவிடலாமே?' என்பீர்கள். வாங்கலாம், அதுதான் வேடிக்கை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம், எம்.ஜி.பி.யின் பழைய அச்சுக் கருவிகளைத் தேடியெடுத்து, 1988 முதல் முழு பாடியையே புத்தம் புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தது. பழைய நம்பரும் இன்ஜினும் உங்களிடம் இருந்தால் போதும், புது உடம்புக்குள் குடியேற்றிவிடலாம். ஆனால் அது அதே கார்தானா?

இந்தக் கேள்வி ஒரு முறை லண்டன் ஹைகோர்ட்டுக்கே போனது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929, 1930 இரண்டு வருடமும் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது. பிறகு இன்ஜின் மாறியது, பாடி மாறியது, 1932-ல் ப்ரூக்லண்ட்ஸில் பயங்கரமாக விபத்துக்குள்ளானது, மறுபடி கட்டப்பட்டது. ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசியவர்கள், 'இது அந்தக் காரே இல்லை' என்று பின்வாங்கினார்கள். 1990-ல் தீர்ப்பு வந்தது. முதலில் இருந்த பாகங்கள் அதிகம் மிஞ்சவில்லை, 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது. ஆனாலும் இடையில் அறுபடாத ஒரு வரலாறு இருக்கிறது, ஆகவே 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெயர் இதற்கே சொந்தம் என்றார் நீதிபதி. வாங்க ஒப்புக்கொண்டவர்கள் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு இந்தத் தீர்ப்பு பிடித்திருக்கிறது. பழைய காரில் காப்பாற்றப்படுவது வெறும் இரும்பு இல்லை, அதன்மீது அடுத்தடுத்து விழுந்த கைகளின் தொடர்ச்சி. தகடு கடையில் கிடைக்கும், பாடியே கிடைக்கும். கடையில் கிடைக்காத ஒரே சரக்கு, ஷெட்டில் உட்கார்ந்து செலவழித்த நேரம்தான். வீட்டில் செய்கிறவனுக்கு அது செலவுப் பட்டியலில் வராது, அது அவன் சம்பாதித்தது. ஐநூறு மணி நேரத்துக்குப் பின் அவனிடம் ஒரு காரும் இருக்கிறது, வெல்டிங் தெரிந்த இரண்டு கைகளும் இருக்கின்றன. காரை விற்றாலும் கை அவனிடமே இருக்கும்.

'வீலர் டீலர்ஸ்' கோட்டைவிட்டது இந்த இடத்தில்தான். கூலியை எழுதியிருந்தால் லாபம் பொய் என்று தெரிந்திருக்கும். தெரிந்தால் என்ன? அந்த உழைப்புதான் விஷயம் என்றும் சேர்ந்தே தெரிந்திருக்கும். பூஜ்யம் என்று எழுதிய பொருளை ஒரு நாள் யாராவது வெட்டத்தான் பார்ப்பார்கள். 2017-ல் எட் சைனா விலகினார். ஒர்க்‌ஷாப் காட்சிகளை எடுப்பது கஷ்டம், அவற்றைக் குறைத்து எளிமையாக்க வேண்டும் என்று சேனல் தரப்பில் விரும்பினார்கள், தன்னால் அதற்கு உடன்பட முடியவில்லை என்பது அவர் சொன்ன காரணம். நிகழ்ச்சி நிற்கவில்லை. வேறு மெக்கானிக்குகள் வந்தார்கள், அவர்களும் திறமைசாலிகள்தான். ஆனால் அந்தப் பதினான்கு வருடமும் ரசிகர்கள் எதற்காக உட்கார்ந்திருந்தார்கள் என்பது, அவர் போனபோது எழுந்த கூச்சலில் தெரிந்தது. பேரத்துக்காக அல்ல.

பழைய எபிசோடுகள் கிடைத்தால் பாருங்கள், தாராளமாக சிபாரிசு செய்கிறேன். மைக் கைகுலுக்கும் இடம் வந்ததும் அணைத்துவிடலாம். நஷ்டமில்லை.

அப்புறம், உங்கள் வீட்டுப் பரணில் பேசாமல் கிடக்கும் பழைய டேபிள் ஃபேனையோ ரேடியோவையோ ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பிரித்துப் பாருங்கள். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு! எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று மட்டும் மறக்காமல் குறித்துவையுங்கள். அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது, வரவிலா செலவிலா என்பதைப் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.