ஏணி யாருக்கு?

ஏழை வீட்டுப் பிள்ளை ஒருவன் படித்து உயர்ந்துவிட்டால் உலகம் அவனைச் சுட்டிக்காட்டி மகிழ்கிறது. "திறமை இருந்தால் முன்னேறலாம், பார்!" என்று மேடைதோறும் முழங்குகிறது. அவன் ஏறிவந்த ஏணிக்கு மாலை சூட்டுகிறது. அந்த ஏணியில் எத்தனை பேருக்கு இடம் இருந்தது, அதைப் பற்றிக்கொள்ளக் கை நீட்டியவர் எத்தனை பேர், கீழேயே நின்றுவிட்டவர் என்ன ஆயினர் என்று கேட்பார்தாம் இல்லை. கேட்டுவிட்டால், குற்றம் காண்பதே இவர்க்கு வேலை என்ற பட்டம் கிடைக்கும். கிடைக்கட்டும்! கல்வி தரும் முயற்சி எதுவாயினும், அதன் நிறையையும் குறையையும் எடைபோட்டுப் பார்க்காமல் கைதட்டுவது ஆசிரியர்க்கு அழகன்று.

நாம் இங்கு எடைபோட எடுத்துக்கொள்வது, இங்கிலாந்து நாட்டில் அறிவியல் மாணவரைப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தப்படுத்த நடைபெறும் தனிப்பயிற்சித் திட்டங்களை. கடல் கடந்த நாட்டுக் கதை நமக்கேன் என்பீர்களோ? அறிவு கொடுப்பதிலும் மறுப்பதிலும் மனிதர் கையாளும் முறைகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தொலைவில் நின்று பார்த்தால் அவை தெளிவாகவும் தெரியும்.

சென்னை மாகாணத்துப் பழைய பள்ளிகளில் ஆறாவது பாரம் என்றால் பள்ளியிறுதி வகுப்பு. இங்கிலாந்தில் அப்பெயர் பதினாறு வயதுக்குப் பின் வரும் இரண்டாண்டுப் படிப்பைக் குறிக்கும். மாணவர் பெரும்பாலும் மூன்று பாடங்களை மட்டும் தேர்ந்துகொண்டு, 1951-இல் தொடங்கப்பெற்ற ஏ-லெவல் தேர்வை எழுதுவர். அதில் பெறும் தரமே பல்கலைக்கழகக் கதவின் சாவி. எல்லாப் பாடங்களையும் கைவிட்டு மூன்றே பாடங்களில் உயிரை வைப்பதால், அம்மூன்றில் ஒன்றைக் கற்பிக்க நல்லாசிரியர் கிடைக்காத மாணவன் தன் எதிர்காலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்தவன் ஆகிறான்.

தகுதியும் விருப்பமும் உடைய அனைவருக்கும் உயர்கல்வியில் இடம் இருக்கவேண்டும் என்று 1963-இல் ராபின்ஸ் குழு அந்நாட்டிற்கு அறிவுரை கூறிற்று. கொள்கை உயர்ந்தது. நடைமுறை? சட்டன் அறக்கட்டளை 2018-இல் வெளியிட்ட கணக்கைக் காண்போம். மூன்றாண்டுக் காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் என்ற இரு பல்கலைக்கழகங்களுக்கும் எட்டே எட்டுப் பள்ளிகளிலிருந்து சென்றவர் 1,310 பேர். வேறு 2,894 பள்ளிகளும் கல்லூரிகளும் ஒன்றுசேர்ந்து அனுப்பியவர் 1,220 பேர். அறிவு என்ன, எட்டு மதிற்சுவர்களுக்குள் மட்டும் விளையும் பயிரா? அல்லவே! நீர் பாய்ந்த வயல் விளைந்தது; பாயாத வயல் காய்ந்தது. காய்ந்த வயலைப் பார்த்து, "மண் சரியில்லை" என்று தீர்ப்புக் கூறுவது எவ்வகை நீதி?

இப்பொருளை அரங்கேற்றிய படைப்பு என்று ஆலன் பென்னட்டின் 'தி ஹிஸ்டரி பாய்ஸ்' நாடகத்தை ஆங்கிலேயர் போற்றுவர். 2004-இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் நடிக்கப்பெற்று, 2006-இல் திரைப்படமாகவும் வந்தது. ஷெபீல்டு நகரப் பள்ளி ஒன்றில் எட்டு மாணவர், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் நுழைவுக்காகப் பயில்கின்றனர். ஹெக்டர் என்ற முதிய ஆசிரியர், கற்பது இன்பத்துக்காக என்கிறார். இளையவரான இர்வின், தேர்வாளரை வியக்கவைக்கும் வித்தையைக் கற்பிக்கிறார். எல்லோரும் ஒப்புக்கொண்டதை மறுத்துப் பேசு. உண்மையா என்பது பிறகு. புதுமையாக ஒலித்தால் போதும் – இதுவே அவர் பாடம். எட்டுப் பேரும் வெற்றி பெறுகின்றனர். அவர்களுள் ரட்ஜ் என்பவனுக்குக் கைகொடுத்தது, அவன் தந்தை முன்பு அதே கல்லூரியில் பணியாளராக இருந்தார் என்ற செய்தி! நாடகாசிரியர் இவ்விடத்தில் பாய்ச்சும் நகைச்சுவை ஊசி, கூர்மையான ஊசி. பயிற்சியின் பெயரால் பூச்சு விற்கப்படுவதை அவர் நன்கு கண்டிருக்கிறார்.

ஆயினும் நாம் குறையொன்று காண்கிறோம். அந்த எட்டுப் பேருக்கு அப்பால் பள்ளி என்று ஒன்று இருப்பதே மேடையில் தெரிவதில்லை. நுழைவுக்கு அனுப்பத் தகாதவர் என ஒதுக்கப்பட்டவர் எங்கே? அவர்களுக்கு யார் பாடம் நடத்தினார்? திரை விழும்வரை அக்கேள்வி எழவில்லை. ஏணியில் ஏறியவரை மட்டும் பாடும் மரபு, அதை எள்ளி நகையாட வந்த நாடகத்தையும் விடவில்லை.

மற்றொன்று: அங்கு பயில்பவர் வரலாற்று மாணவர். சொல்லை அடுக்கி, கருத்தைத் திருப்பிப்போட்டு வெல்ல அங்கே இடமுண்டு. அறிவியல் மாணவனுக்கு இர்வினின் வித்தை உதவாது. எடுத்துக்காட்டாக, ஏ-லெவல் கணக்கு மாணவர் எதிர்கொள்ளும் வகையைச் சேர்ந்த ஒரு வினாவைப் பார்ப்போம். வழவழப்பான சுவரில் சீரான ஏணி ஒன்று சாய்ந்திருக்கிறது, தரை சொரசொரப்பானது. ஏணியின் எடை 20 கிலோ. ஏறுபவன் எடை 60 கிலோ. அவன் எவ்வளவு உயரம் சென்றால் ஏணி வழுக்கும்?

மனப்பாடம் செய்தவன் சூத்திரத்தைத் தேடுவான். நல்லாசிரியர் சூத்திரம் தரமாட்டார், கேள்வி தருவார். "படம் வரைந்தாயா? சுவர் எத்திசையில் தள்ளும்? எடையைத் தாங்குவது எது?" மாணவன் எண்ணிப் பார்க்கிறான். வழவழப்பான சுவர் பக்கவாட்டில் மட்டுமே தள்ள முடியும்; ஆகவே 80 கிலோ எடை முழுவதையும் தாங்குவது தரையே! "அவன் ஏற ஏற மாறுவது எது?" என்று அடுத்த கேள்வி. ஏணியின் அடி வழுக்காமல் பிடித்து நிறுத்தும் உராய்வு மாறுகிறது. அவன் அடியில் நிற்கும்போது ஏணியின் பாதி எடையான 10 மட்டுமே கணக்கில் வரும். உச்சிக்குச் சென்றால் அவனது 60-உம் சேர்ந்து 70 ஆகும். தேவைப்படும் உராய்வு ஏழு மடங்கு! இதைத் தானே கண்டுபிடித்த மாணவன், அதன்பின் எந்த வினாவைக் கண்டும் அஞ்சமாட்டான். வழி தெரியாத இடத்தில் முதல் அடி எடுத்துவைக்கும் துணிவு, அறிவியல் பயிற்சியின் உயிர். அதைத் தருவதற்கு வேண்டுவது, எதிரே அமர்ந்து பொறுமையாகக் கேள்வி கேட்கும் ஒருவர்.

அந்த ஒருவர் இருக்கிறாரா? 2023–24 கல்வியாண்டில் இங்கிலாந்தில் இயற்பியல் ஆசிரியர் பயிற்சிக்கு அரசு வகுத்த இலக்கில் 17 விழுக்காடே நிறைவேறிற்று. நூறு பேர் வரவேண்டிய இடத்தில் பதினேழு பேர்! பின்னர் நிலை சற்றுத் தேறியது உண்மை. ஆனால், ஆசிரியர் வராத ஆண்டுகளில் வகுப்பில் அமர்ந்திருந்த பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளைத் திருப்பித் தருபவர் யார்?

வெற்றிடம் கண்டால் வணிகம் நுழையும். சட்டன் அறக்கட்டளையின் கணக்குப்படி, பதினொன்று முதல் பதினாறு வயதுக்குட்பட்ட மாணவருள் எப்போதேனும் தனிப்பாடம் பெற்றவர் 2005-இல் நூற்றுக்கு 18. 2023-இல் வெளிவந்த கணக்கில் நூற்றுக்கு 30. இலண்டனில் மட்டும் 46. ஆறாம் பாரத்துக்குள் கால் வைக்குமுன்னரே ஓட்டப்பந்தயம் இவ்வாறு தொடங்கிவிடுகிறது. மேலே சென்றால் நுழைவுத் தேர்வுகள். கேம்பிரிட்ஜ், இம்பீரியல் முதலிய இடங்களில் பொறியியலும் அறிவியலும் பயில, 2024 முதல் ஈசாட் என்னும் தேர்வு நடைபெறுகிறது. கணக்கிடும் கருவிக்கு அதில் அனுமதி இல்லை. தேர்வு வந்த மறுநாளே பயிற்சி விற்பவரும் வந்துவிடுவர். பணம் உள்ளவன் மணிக்கணக்கில் வாங்குகிறான். இல்லாதவன் வேடிக்கை பார்க்கிறான்.

இந்த அநீதியைக் கண்டு நல்லோர் சிலர் வாளாவிருக்கவில்லை. அதை மறைப்பது நேர்மையன்று. 1997-இல் சட்டன் அறக்கட்டளை ஆக்ஸ்போர்டில் கோடைப்பள்ளி தொடங்கிற்று. 2011-இல் தோன்றிய பிரில்லியண்ட் கிளப், முனைவர் பட்ட ஆய்வாளரைப் பள்ளிகளுக்கே அனுப்பிச் சிறு குழுக்களுக்குப் பாடம் நடத்தச் செய்கிறது. இன்டூசயின்ஸ் என்ற அமைப்பு, வசதியற்ற மாணவரைக் கோடையில் ஆய்வுக்கூடங்களுக்கு அழைத்துச் செல்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 2022-இல் முதல் அணியைச் சேர்த்த 'ஸ்டெம் ஸ்மார்ட்' திட்டம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. அரசுப் பள்ளிகளில் பயிலும், இடர்ப்பாடுடைய மாணவருக்குப் பதினேழு மாதம் கட்டணமின்றிக் கணக்கும் அறிவியலும் கற்பிக்கிறது; வாரந்தோறும் சிறு குழு வகுப்பு; கல்லூரி மாணவர் வழிகாட்டல்; கேம்பிரிட்ஜிலேயே சில நாள் தங்கிப் படிக்கும் ஏற்பாடு. நேர்முகத்தில் எப்படிப் புன்னகைப்பது என்று கற்பிக்காமல், பாடத்தையே கற்பிக்கிறது. அதற்காக நாம் அதைப் பாராட்டுகிறோம்.

அத்திட்டம் எதன்மீது நிற்கிறது என்பதே நமக்கு இன்னும் சிறப்பாகப் படுகிறது. மார்க் வார்னர், லிசா ஜார்டின்-ரைட் என்னும் கேம்பிரிட்ஜ் இயற்பியலார் இருவர் உருவாக்கிய 'ஐசக் பிசிக்ஸ்' என்ற இணையவழிக் கணக்குத் தொகுப்பு அது. விடையைத் தட்டில் வைத்துத் தராது, குறிப்புத் தரும், அலகு தவறினால் திருப்பியனுப்பும். விண்ணப்பம் வேண்டா, பரிந்துரை வேண்டா, எந்தப் பள்ளிப் பிள்ளையும் கட்டணமின்றித் திறந்து படிக்கலாம். அந்தப் பிள்ளையின் ஆசிரியரும் வகுப்பில் அதையே பயன்படுத்தலாம். சிலரைத் தேர்ந்தெடுத்து நடத்தும் திட்டத்தைவிட, எல்லோருக்கும் திறந்துவைத்த இந்தப் பொதுச்சொத்தே பெரிது என்போம்.

இங்கே மறுப்பு ஒன்று எழும். "இருப்பது சிறிது. எல்லோர்க்கும் பங்கிட்டால் ஒருவர் பசியும் ஆறாது. ஆதலால் திறமையுடையாரைத் தேர்ந்து அளிக்கிறோம்" என்பர். தள்ளிவிடத்தக்க வாதமன்று. பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர் கற்பிப்பது போல் பத்தாயிரம் பேருக்குக் கற்பிக்க இயலாது. ஆனால், எதைக் கொண்டு தேர்கிறீர்கள் என்று கேட்கிறோம். பெரும்பாலும் முந்தைய தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டு! பதினான்கு வயதில் இயற்பியல் ஆசிரியரை இழந்த பள்ளிப் பிள்ளை, பதினாறு வயதில் அந்த மதிப்பெண்ணை எங்கிருந்து கொண்டுவருவாள்? இப்படியொரு திட்டம் உண்டு, விண்ணப்பி என்று அவள் காதில் ஓத வேண்டியவரும் அந்த ஆசிரியர்தாமே! ஆசிரியர் இல்லாத பள்ளியில் பாடமும் இல்லை, செய்தியும் இல்லை. மிகுதியாக இழந்தவரை எட்டாத உதவி, இழப்பின் விளிம்பில் நிற்பவரோடு நின்றுவிடுகிறது.

அரசு செய்ததென்ன? பெருந்தொற்றுக் காலத்தில், 2020-இல், பதினாறு முதல் பத்தொன்பது வயதினருள் பின்தங்கியோர்க்குச் சிறு குழுப் பயிற்சி அளிக்கத் தனி நிதி ஒதுக்கிற்று. 2024-இல் அந்நிதியை நிறுத்திற்று. தொற்று தணிந்தது, ஆனால் தொற்றுக்கு முன்பே இருந்த ஏற்றத்தாழ்வு தணிந்ததா? இருள் இருக்கும்போதே விளக்கை அணைப்பது சிக்கனம் ஆகாது.

ஆகவே, இத்தகைய திட்டம் எதனிடமும் மூன்று கேள்விகளைக் கேட்போம். நீ பாடம் கற்பித்தாயா, பூச்சுப் பூசினாயா? மாணவன் பல்கலைக்கழகம் சென்றபின் அவன் பள்ளியில் நீ விட்டுச்சென்றது என்ன? உன்னால் தேர்ந்தெடுக்கப்படாதவரை நீ எண்ணிப் பார்த்தாயா? முதல் கேள்விக்கு விடை கூறும் திட்டங்கள் பல. இரண்டாவதற்குக் கூறுபவை சில. மூன்றாவதற்கு ஆண்டறிக்கைகளில் பக்கமே ஒதுக்கப்படுவதில்லை. வென்றவர் படங்கள் அச்சாகும் தாளில், விண்ணப்பித்தும் இடம் பெறாதவர் எண்ணிக்கைக்கும் ஒரு வரி இருக்கட்டும் என்கிறோம். அந்த எண்ணிக்கையைக் கண்டால்தான், இன்னும் எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பது நாட்டுக்கு விளங்கும்.

அந்த ஏணிக் கணக்கை மறந்துவிடாதீர்கள், தோழர்களே! பெரும்புகழ் பெற்ற பல்கலைக்கழகம் சாய்ந்துகொள்ளச் சுவர் தரும். ஆனால், எடையைத் தாங்குவது தரை. ஊரிலுள்ள சாதாரணப் பள்ளியும், அதன் ஆய்வுக்கூடமும், கரும்பலகை முன் நிற்கும் இயற்பியல் ஆசிரியருமே அந்தத் தரை. உயர ஏறுபவர் பெருகப் பெருக அடியில் வேண்டும் பிடிப்பும் பெருகும். ஏணிகள் செய்வோரை வாழ்த்துவோம். தரையை உறுதிசெய்யும் கடமையை அவர் தோளில் ஏற்றிவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள ஒருநாளும் ஒப்போம்!