குறியீடும் வரலாறும்: டாரோ சீட்டின் ‘தொங்கும் மனிதன்’ – ஒரு நோக்கு

கலை இலக்கிய ஆய்விலே குறியீடு என்னுஞ் சொல் பெருவழக்காகிவிட்டது. ஓர் உருவத்தினுள்ளே காலங்கடந்த பொருளொன்று மறைந்துகிடக்கிறதென்றும், அதனை வெளிக்கொணர்வதே விளக்குவோனின் பணியென்றும் பலர் கருதுகின்றனர். இக்கருத்து எத்துணை பொருந்தும் என்பதைச் சோதித்தறிய, எதிர்காலம் உரைக்குங் கருவியாக இன்று உலகெங்கும் அறியப்படும் டாரோ சீட்டுகள் ஏற்றவை. அவற்றிலுள்ள 78 சீட்டுகளுள் ஒன்றை மட்டும், பன்னிரண்டாம் இலக்கமிட்ட ‘தொங்கும் மனிதன்’ என்பதை, இங்கு நோக்குவோம்.

டாரோ, குறி சொல்வதற்கென எழுந்ததன்று. 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியிலே தோன்றிய சீட்டாட்டம் அது. வழமையான நான்கினச் சீட்டுகளுடன் படச்சீட்டுகள் சில சேர்க்கப்பட்டு, ஆட்டத்திலே துரும்புகளாகப் பயன்பட்டன. மிலான் நகரை ஆண்ட விஸ்கொன்ரி, ஸ்ஃபோர்சா குடும்பங்களுக்காகத் தீட்டப்பட்ட தொகுதியொன்றின் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சியுள. ஒற்றைக் காலிற் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கும் இளைஞன் அவற்றிலும் காணப்படுகின்றான்.

அவன் யார் என்பது அக்கால இத்தாலியருக்குப் புதிராக இருந்திருக்க முடியாது. அவர்கள் அச்சீட்டைத் ‘துரோகி’ என்றும் அழைத்தனர். நகர அதிகாரத்துக்கு எதிராகச் சதி செய்தோரையும் கடன்பட்டு ஓடியோரையும் தலைகீழாகத் தொங்குவோராகப் பொதுச்சுவர்களில் வரைந்து இழிவுபடுத்தும் வழக்கம் அந்நகரங்களில் நிலவிற்று. கையிற் சிக்காதவனின் உடலுக்குப் பதிலாக அவன் மானமே அங்கு தூக்கிலிடப்பட்டது. 1440ஆம் ஆண்டளவில் புளோரன்சிலே அத்தகைய ஓவியங்களைத் தீட்டிய அந்திரேயா டெல் கஸ்தாஞோவுக்குத் ‘தூக்கிலிடப்பட்டோரின் அந்திரேயா’ என்ற பட்டப்பெயரே வாய்த்தது. பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள 15ஆம் நூற்றாண்டுச் சீட்டொன்றில் தொங்குபவன் இரு கைகளிலும் பணப்பைகளைப் பற்றியிருக்கின்றான். யூதாசின் நினைவு அங்கு வெளிப்படை.

1781இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலன், டாரோ பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என அறிவித்தார். எகிப்திய எழுத்துகளைச் சம்போலியன் படித்தறிவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட கூற்று இது. தொங்குபவன் உண்மையில் விவேகத்தின் உருவமென்றும், அறியாமையால் அச்சடித்தோர் அதனைத் தலைகீழாக்கிவிட்டனர் என்றும் அவர் விளக்கினார். படம் கோட்பாட்டுக்கு இசையாதபோது கோட்பாட்டை மாற்றாது படத்தையே புரட்டி வைத்தமை குறிப்பிடத்தக்கது.

1909இல் இலண்டனிலே ஆதர் எட்வேட் வெயிற் வெளியிட்ட தொகுதி வேறொரு வழியைக் காட்டுகின்றது. எகிப்தியக் கதையை அவர் ஏற்கவில்லை. எனினும் சீட்டுகளில் மறைஞானம் உறைவதாக நம்பினார். அவருக்காகப் பமிலா கோல்மன் சிமித் வரைந்த படத்திலே தூக்குமரம் இலை தளிர்த்த உயிர்மரமாகின்றது. தொங்குபவனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் எழுகின்றது. முகத்திலே துன்பம் இல்லை, ஆழ்ந்த இலயிப்பே உண்டு. துரோகி ஞானியாகிவிட்டான். இன்று அச்சீட்டுக்குக் கூறப்படும் துறவு, சரணாகதி, புதுநோக்கு முதலிய பொருள்கள் பெரும்பாலும் இப்படத்தையே பற்றி நிற்கின்றன.

புதுப்பொருள் படைத்தல் குற்றமன்று. கலை வளர்வதே அவ்வாறுதான். ரி. எஸ். எலியற் 1922இல் வெளியான ‘பாழ்நிலம்’ என்னுங் கவிதையில் இச்சீட்டைக் கையாண்டபோது, தம் தேவைக்கேற்பச் சீட்டுக்கட்டிலிருந்து விலகியதாகக் குறிப்பிலே வெளிப்படையாகவே கூறினார். கவிஞன் தன் ஆக்கத்தைத் தன் ஆக்கமென ஒப்புக்கொள்கின்றான். புதிதாகப் புனைந்ததைத் தொன்மையான இரகசியம் எனக் காட்டுமிடத்திலேதான் மயக்கம் தொடங்குகின்றது.

அம்மயக்கம் இருவரை மறைக்கின்றது. ஒருவன் தொங்கவிடப்பட்டவன். அவனைத் தொங்கவிட்டது எவ்வதிகாரம், எக்குற்றத்துக்காக என்னும் வினாக்கள் உள்ளொளி பற்றிய பேச்சிலே கரைந்துவிடுகின்றன. தண்டனை தவமாக வாசிக்கப்படும்போது தண்டித்தவன் தப்பித்துக்கொள்கின்றான். மற்றவர் ஓவியர். சிமித் அத்தொகுதியின் எல்லாச் சீட்டுகளையும் வரைந்தவர். அப்பெரும் பணிக்குக் கிடைத்த ஊதியமோ சொற்பமென அவரே 1909இல் கடிதமொன்றில் எழுதினார். ஆயினும் சீட்டுக்கட்டு நெடுங்காலம் வெளியீட்டாளரான றைடர், வெயிற் ஆகியோரின் பெயர்களாலேயே வழங்கிற்று. 1951இல் அவர் வறுமையில் இறந்தார். பொருள் என்றென்றும் படத்துள்ளேயே இருந்ததெனின், அதனை வரைந்த கைக்கு அங்கு இடமேது?

ஆகவே, குறியீட்டை ஆராய்வோன் முதலில் வினவவேண்டியது ‘இதன் உட்பொருள் யாது?’ என்பதன்று. இவ்வுருவத்தை யார், எக்காலத்தில், எவருக்காகப் படைத்தனர், பின்வந்தோர் அதில் எதனைச் சேர்த்து எதனை நீக்கினர் என்பனவே முதன்மையான வினாக்கள். தொங்கும் மனிதனின் கைகளிலிருந்து பணப்பைகள் மறைந்ததும் தலையில் ஒளிவட்டம் தோன்றியதும் மனிதர் செய்த மாற்றங்களே. அவற்றை நிரல்படக் காண்பதே குறியீட்டு விளக்கத்தின் உறுதியான தொடக்கமாகும்.