சுவர்ப்படம் காட்டாத அழுத்தம்

சிவகாசியில் அச்சாகும் இரத்த ஓட்டச் சுவர்ப்படங்கள் அழகானவைதாம். ஆனால், மாணவர்களே, பலவற்றில் கல்லீரல் வெறும் பழுப்புக் கட்டி! குடலிலிருந்து அதற்குச் செல்லும் போர்ட்டல் சிரையைக் காணோம்.

சிர்ரோசிஸ் நோயில் கையில் அளக்கும் அழுத்தம் தாழ்ந்திருக்க, இச்சிரையில் அழுத்தம் ஏறுகிறது. ஏ.சி.இ. என்னும் நொதி உண்டாக்கும் ஆஞ்சியோடென்சின்-2 ஹார்மோன் ஈரலின் குழாய்களைச் சுருக்கி, நார்த்திசுவை வளர்ப்பது ஒரு காரணம். 2000-இல் அறிவிக்கப்பட்ட ஏ.சி.இ.2 நொதி அதைச் சிதைத்து, குழாயை விரிக்கும் பொருளாக்குகிறது.

முதல் நொதியை மாத்திரையால் தடுக்கலாமே என்பீர்கள். வயிற்றில் நீர் கோத்தவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். உடலின் தாழ்ந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்பதும் அதே ஹார்மோன்தான். அழுத்தம் ஒன்றே எனப் படம் கற்பித்தால் இவ்வேறுபாடு எவ்வாறு விளங்கும்? அச்சகத்தார் தனி நிறத்தில் ஒரு கோடு சேர்க்கட்டும்.