அப்புறப்படுத்தல்

கள்ளக்குறிச்சி நண்பர் ஒருவர் இருபத்தொரு கவிதைகள் அனுப்பியிருக்கிறார். கட்டின் தலைப்பு ‘ஆய்வுக்கூடம்’. பூட்டிப்போட்ட ஒரு ரசாயன ஆய்வுக்கூடம். அலமாரிகளில் மிஞ்சிய புட்டிகள். ஒருநாள் யாரோ வந்து கதவைத் திறந்து அதைச் சுத்தம் செய்கிறார்கள். எல்லாக் கவிதைகளும் இந்த ஒரு களத்தையே சுற்றி வருகின்றன. நான்கை அடுத்த இதழில் போடுகிறோம். மற்ற பதினேழு பற்றி அவருக்குத் தனிக் கடிதம் எழுதியிருக்கலாம். இங்கே எழுதக் காரணம், அந்தப் பதினேழின் கோளாறு அவருக்கு மட்டும் உரியதல்ல. இந்தப் பத்திரிகையில் எழுதும் பலரிடமும், என்னிடமும்கூட, அது உண்டு.

அபாயகரமான ஒரு பொருள் நம் கவிதைக்குள் வந்ததும் பொருளாக இருப்பதை விட்டுவிடுகிறது. பாதரசம் வந்தால் அது சஞ்சல மனம். அமிலம் வந்தால் பொறாமை. கதிரியக்கம் வந்தால், கேட்கவே வேண்டாம், தனிமையோ காதலோ கடவுளோ ஆகிவிடும். படிமம் கூடாதென்று நான் சொல்லவில்லை. ஒரு வஸ்து முதலில் தன் எடையோடும் வாடையோடும் வந்து நிற்கட்டும். வேறொன்றைச் சுட்டும் யோக்கியதை அதற்கு அப்புறம்தான் வரும்.

ஏழாவது கவிதையில், இருட்டு அலமாரிக்குள் நீல ஒளி ஒன்று தெரிகிறது. அது கவிதைசொல்லியின் தீராத தனிமை என்று மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடுகிறது. வாசிக்க லாவகமாகத்தான் இருக்கிறது. எனக்கு பிரேஸிலின் கொயானியா ஞாபகம் வந்தது. 1987 செப்டம்பரில் அந்த நகரத்தில், கைவிடப்பட்ட ஒரு கதிர்சிகிச்சை நிலையத்துக்குள் புகுந்த இருவர் அங்கே விட்டுவைத்திருந்த யந்திரத்தின் தலைப்பகுதியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது பழைய இரும்புக் கடைக்கு விலைக்குப் போயிற்று. உள்ளே இருந்தது சீசியம்-137 உப்பு, 100 கிராமுக்கும் குறைவான பொடி. இரவில் நீலமாக ஒளிர்ந்தது. கடைக்காரர் அதில் மயங்கி உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக் காட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பினார். மினுமினுப்புக்காக உடம்பில் பூசிக்கொண்டவர்கள் உண்டு. ஆறு வயதுக் குழந்தை ஒன்று அந்தக் கையோடு சாப்பிட்டது. இறந்த நான்கு பேரில் அதுவும் ஒன்று. ஈயத்தகடு பதித்த பெட்டியில் வைத்து அதைப் புதைக்கப் போனபோது ஊரார் கல்லெறிந்தார்கள். பிறகு வீடுகளை இடித்தார்கள், மேல்மண்ணை வெட்டி அள்ளினார்கள், பாத்திரம் பண்டங்களைப் பீப்பாய்களில் அடைத்தார்கள். ஒரு கைப்பிடிப் பொடியைச் சுத்தம் செய்ததில் சேர்ந்த கழிவு சுமார் 3,500 கனமீட்டர்.

அந்த ஒளியில் அழகு இருந்தது. அந்த அழகால்தான் அது வீடு வீடாகப் போயிற்று. நம் கவிஞர் இதில் எதையும் தொடாமல் நீலத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். இரும்புக் கடைக்காரர் செய்த காரியத்தையே இவரும் செய்கிறார்: ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்புகிறார். கடைக்காரருக்கு அது என்னவென்று தெரியாது என்ற சமாதானமாவது உண்டு.

‘கோபால்ட்’ என்ற கவிதை இன்னும் மோசம். அதில் கோபால்ட் ஓர் அணையா விளக்கு. கோபால்ட்-60 அப்படி ஒளிராது; பார்த்தால் வெறும் உலோகத் துண்டு. அணையாததும் அல்ல. 5.27 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். தில்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் இருந்த காமா கதிர்வீச்சுச் சாதனம் கனடாவிலிருந்து வாங்கியது. 1985க்குப் பிறகு யாரும் அதை உபயோகிக்கவில்லை. 2010 பிப்ரவரியில் அதைப் பழைய சாமானோடு ஏலம் விட்டுவிட்டார்கள். மாயாபுரி இரும்புச் சந்தையில் ஈயத்துக்காக அதைப் பிளந்தார்கள். ஏப்ரலில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் சின்னத் துண்டொன்றைத் தன் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார். கடையில் வேலை பார்த்த ஒருவர் மாதக் கடைசியில் இறந்துபோனார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1985லிருந்து இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கோபால்ட்டின் வீரியம் ஏறக்குறைய 27ல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். அந்த மிச்சம் ஒரு மனிதனுக்குப் போதுமானதாக இருந்தது.

இதில் கவிதைக்கு வேண்டியது எவ்வளவு இருக்கிறது! பூட்டிய அறையில், யாரும் பாராமல், எந்த நாடகமும் இல்லாமல் ஒன்று தன்னைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. பேராசிரியர்கள் ஓய்வு பெறுகிறார்கள், வெள்ளையடிக்கிறார்கள், தளவாடப் பதிவேட்டில் அதன் பெயர் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் பெயர்த்து எழுதப்படுகிறது, ஒருநாள் எழுத விட்டுப்போகிறது. அணையா விளக்கு என்று சொன்னவுடன் இவ்வளவும் கைநழுவிவிடுகிறது. அணுசக்தித் துறையிலிருந்து வந்து அந்தத் துண்டுகளைத் தேடி எடுத்தவர்களுக்கு மூன்றே விதிகள்: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவில் மறைப்பை வை. நம் கவிதைக்கும் இவை பொருந்தும் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. சொன்னால் நானும் அந்தப் பதினேழு கவிதைகளில் ஒன்றை எழுதியவனாவேன்.

இனி ‘சுத்தம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கட்டு முழுக்க இது வருகிறது. கடைசிக் கவிதையில் ஆய்வுக்கூடம் சுத்தமாகிறது, ஜன்னல் திறக்கிறது, மலைக்காற்று உள்ளே வருகிறது. எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: புட்டிகள் எங்கே போயின? மாயாபுரித் துண்டுகள் நரோரா அணுமின் நிலையத்துக்குப் போயின. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001ல் மூடப்பட்டது. மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்ததை ஊர்க்காரர்களும் தொழிலாளர்களும் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு. 2003ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்ஸில்வேனியாவுக்குப் போயிற்று. 1983ல் அந்தத் தொழிற்சாலையே அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்ததுதான் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மண்ணில் இறங்கியது மிச்சம் நின்றது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை விட்டுவைக்கலாமா, கூடாதா என்று வருஷக்கணக்காகத் தகராறு. ஆக, ‘சுத்தம்’ என்பதற்கு அங்கே மில்லிகிராமில் ஒரு அர்த்தம் இருந்தது. போபாலில் 1984க்குப் பிறகு நாற்பது வருஷம் கிடந்த 337 டன் 2025 ஜனவரியில் லாரிகளில் பீதம்பூருக்குப் போய் எரிக்கப்பட்டது. சுண்ணாம்பு முதலியன சேர்த்து எரித்ததில் கிடைத்த சாம்பலும் கசடும் எரித்ததைவிட எடை அதிகம். அதைப் புதைக்க வேறு இடம் வேண்டும்.

2015ல் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானலைப் பற்றி ஆங்கிலத்தில் பாடிப் படம் பிடித்து வெளியிட்ட பாட்டை நாம் பிரசாரம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். பிரசாரம்தான். மெட்டும் இரவல். ஆனால் அதில் கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, பாதரசம் பாதரசமாக இருக்கிறது. மறு வருஷம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. அந்தப் பாட்டு மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. நம் பதினேழு கவிதைகளில் யாருக்கும் பெயர் இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

நான் இவ்வளவு வேகமாகப் பேசுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. நான் ஒரு கல்லூரியில் ரசாயன டெமான்ஸ்டிரேட்டராக இருந்தவன். பழைய ஆய்வுக்கூடத்தைக் கம்ப்யூட்டர் அறை ஆக்கப்போகிறார்கள், இரண்டு நாளில் காலி செய் என்று உத்தரவு வந்தது. பென்ஸீன், கார்பன் டைசல்ஃபைடு, மெர்க்குரிக் குளோரைடு, டைக்ரோமேட். சோடியம் சோதனைக்கு என்று எப்போதோ வாங்கிய யுரேனைல் அஸிடேட் ஒரு புட்டி, எலுமிச்சை மஞ்சள் நிறத்தில், பாதி தீர்ந்திருந்தது. அதன் கதிர்வீச்சு அற்பம், வயிற்றுக்குள் போனால்தான் சிறுநீரகத்துக்குக் கேடு என்று பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். அட்டெண்டர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கத்துப் பாழுங்கிணற்றில் கவிழ்த்துவிட்டு வந்தார். நான் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பதிவேட்டில் டிக் அடித்தேன். “சார், இந்த மஞ்சள் பொடியுமா?” என்றார். “ஊத்துங்க” என்றேன். கடைசிக் கட்டத்தில் ‘அப்புறப்படுத்தப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செயப்பாட்டுவினை எவ்வளவு சௌகரியமான ஏற்பாடு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. காலிப் புட்டிகளைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டார். அந்தக் காசில் எனக்கும் காபி வாங்கிக் கொடுத்தார்.

நண்பரின் கடைசிக் கவிதையிலும் யாரோ சுத்தம் செய்கிறார்கள். அந்த ‘யாரோ’ மேல் எனக்கு வந்த ஆத்திரம் முழுக்க விமர்சன ரீதியானதல்ல.

தேறிய நான்கில் முக்கியமானது ‘ஊறல்’. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65 பேருக்கு மேல் இறந்தார்கள். மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு, கரைப்பான். உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. கல்வராயன் மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைக்கிற சமாச்சாரம் வேறு. ஆனாலும் சாவுகளுக்குப் பின் போலீஸ் மலையேறியது. பேரல் பேரலாக ஊறலைச் சரிவில் கொட்டி ‘அழித்தார்கள்’. பத்திரிகைகளில் வரும் அந்தப் படங்கள் நமக்குப் பழக்கமானவைதான்: சாய்த்த பேரல், சுற்றி நிற்கும் காக்கி.

கவிதையில் இரண்டு அண்ணன் தம்பிகள். ஒருவன் கீழே ஊரில் ஆய்வுக்கூட அட்டெண்டர். மற்றவன் மேலே வெள்ளிமலைப் பக்கம் ஊறல் போட்டவன். ஒரே நாளில் இருவரும் கொட்டுகிறார்கள். கீழே உள்ளவன் உத்தரவின் பேரில், மேலே உள்ளவன் லத்தியின் பேரில். யார் மேலும் கவிஞர் பரிதாபப்படவில்லை. எத்தனை புட்டி, எத்தனை பேரல், எந்த ஓடைப் பக்கம் சரிந்தது, மறுநாள் எந்த ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பியது என்று மட்டும் சொல்கிறார். கொட்டிய இரண்டும் எந்த ஆற்றை நோக்கிப் போகும் என்பது எங்கும் எழுதப்படவில்லை, ஊர்க்காரனுக்குத் தெரியும். அட்டெண்டரின் உள்ளங்கைத் தோல் உரிவது ஒரே ஒரு வரியில் வருகிறது, விளக்கமில்லாமல். மற்ற பதினேழிலும் இவர் தேடிய கதிரியக்கம் அந்த வரியில் இருக்கிறது.

கடைசி நான்கு வரிகளில் மலை ஒரு தாயாகி, ஊறல் அவள் முலைப்பாலாகிவிடுகிறது. அவற்றை நீக்கினால் நல்லது என்று எழுதியிருக்கிறேன். மறுத்தால் அப்படியே அச்சாகும். ஒரு நல்ல கவிதைக்கு அவ்வளவு சுதந்திரம் உண்டு. புரூஃபை அவருடைய அண்ணனுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். விலாசம் அந்த ஆய்வுக்கூடத்தினுடையது. அறை பூட்டியிருந்தாலும் தபாலை வாட்ச்மேன் வாங்கி வைத்துக்கொள்வாராம்.