அளந்த பிறகே ஸ்பேனர்

பிக்கப் வண்டியின் எரிபொருள் பம்ப்பை இயக்கும் கட்டுப்பாட்டு மாட்யூலைக் கழற்றி மாட்டுவது ஓரிரு போல்ட், ஒரு கப்ளர் வேலைதான். கெட்டது அதுதான் என்று உறுதிசெய்வதில் இருக்கிறது ஆட்டோ எலக்ட்ரீஷியனின் கலை. ஃபியூஸ், ரிலே பார்த்து, பம்ப்பை ஓடவிட்டபடியே மல்டிமீட்டரில் வோல்டேஜ் எங்கே விழுகிறது என்று தேடுபவரே தேர்ந்த கைக்காரர். துருவேறிய எர்த்கூட மாட்யூல் செத்ததைப் போலவே காட்டும். ஸ்கேனர் சொல்லிவிடுமே என்பார்கள். அது பெரும்பாலும் எந்தச் சர்க்யூட் என்று மட்டுமே சொல்லும். அதில் வயரா, கப்ளரா, மாட்யூலா என்பதை மனிதர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

திண்டிவனத்தில் தர்பூசணி ஏற்றிய வண்டி வெயிலில் நிற்கையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஆனால் காரணம் தெரியாமல் மாட்டினால் புதியதும் கெடும். 2004இல் வந்த ஃபோர்டு எஃப்-150 தலைமுறையில், ஸ்டெப்னிக்கு மேலே இரும்புச் சட்டத்தோடு ஒட்டியிருந்த மாட்யூலின் அலுமினிய உடலை உப்பும் ஈரமும் அரித்துத் துளைத்தன. நடுவே இடைவெளி விட்டுப் பொருத்தியதுதான் தீர்வானது. மரக்காணம் உப்பளங்களுக்குப் போய்வரும் வண்டிகளுக்கு இது அயலூர்க் கதையல்ல. விழுப்புரம் வழியே சரக்கு ஓட்டுபவர்களே, மாட்டிய பொருளுக்கு மட்டுமல்ல, அளந்து பார்த்த நேரத்துக்கும் கூலி கொடுங்கள்.