பாதிப் பாட்டு கூட்டத்துக்கு

கலிபோர்னியாவின் கிரீன் டே இசைக்குழு 1994 பிப்ரவரியில் வெளியிட்ட 'டூக்கி' ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தம் 40 நிமிடம்கூட ஓடாது. உலகெங்கும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற இந்தப் பாப் பங்க் ஆல்பத்தை மட்டம்தட்ட இரண்டு வாதங்கள் எப்போதும் தயாராக இருக்கும்: நாலு கார்டு தெரிந்த எவனும் இதை வாசித்துவிடுவான் என்பது ஒன்று, பெரிய கம்பெனிக்கு விலைபோன பங்க் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனாலும் இந்த ஆல்பத்தின் மேல் ஒருவருக்குப் பித்துப் பிடிப்பதற்கான காரணத்தை இரண்டுமே தொடவில்லை. இது பாட்டைப் பாதியில் நிறுத்தி, மீதியைக் கேட்பவரிடம் விட்டுவைத்த ஆல்பம். எந்த இடத்தில் விடுவது என்பதில்தான் இதன் வித்தை முழுவதும் இருக்கிறது.

'லாங்வியூ'வைக் கவனியுங்கள். வீட்டில் வெட்டியாகக் கிடந்து டிவி பார்த்தே அலுத்துப்போன ஒருவனின் பாட்டு. சரணம் முழுக்க மைக் டர்ன்ட்டின் பேஸ் சோம்பலாக ஏறி இறங்குகிறது. டிரே கூலின் டிரம்ஸ் அடியில் உருண்டுகொண்டிருக்கிறது. கிட்டார் வாயே திறப்பதில்லை. பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் குரலில்கூட எழுந்து உட்கார மனமில்லாத ஒரு இழுவை. பல்லவியில்தான் கிட்டார் வெடிக்கிறது. அந்த இடைவெளி மேடையில் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்: கூட்டம் சரணம் முழுக்க முழங்காலை மடித்துக் காத்திருக்கிறது, பல்லவியில் குதிக்கிறது. 'பாஸ்கெட் கேஸ்' இன்னும் நுட்பம். தொடக்கத்தில் குரலும், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி வாசிக்கும் கிட்டாரும் மட்டும். டிரம்ஸும் பேஸும் பிறகுதான் சேர்கின்றன. கார்டுகள் நகரும் வரிசை பாகெல்பெலின் புகழ்பெற்ற 'கேனன்' இசைக்கு வெகு அருகில் இருப்பதால், காதுக்கு அது ஏற்கெனவே பழக்கம். முதல் தடவை கேட்பவர்கூட இரண்டாவது பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். பாட்டின் பொருளோ, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று ஒருவன் அஞ்சும் மனப்பதற்றம். ஆம்ஸ்ட்ராங் சொந்தமாகப் பட்ட அவதி. தனியறையில் ஒருவன் முனகும் பயத்தைப் பல்லாயிரம் பேர் ஒரே குரலில் கத்தும்போது அதற்குப் பயம் என்ற பெயர் பொருந்துவதில்லை. இசைத்தட்டில் இல்லாத அந்த அர்த்தம் அரங்கில்தான் பிறக்கிறது.

எளிமை என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது. எவனும் வாசிக்கலாம் என்பது குறையென்றால், அந்தக் குறையை இந்தக் குழு மேடையேற்றியே காட்டுகிறது: பல வருடங்களாகக் கூட்டத்திலிருந்து ஒரு ரசிகரைக் கூப்பிட்டுக் கையில் கிட்டாரைக் கொடுத்து வாசிக்கவைப்பது இவர்கள் கச்சேரியில் ஒரு வழக்கம். அதே சமயம், நாலு கார்டில் பாட்டு கட்டிய குழுக்கள் ஆயிரக்கணக்கில் வந்து போயின. இந்தப் பாட்டுகள் நின்றன. ஆல்பத்தில் சப்பையான இடமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பின்பாதியில் ஒன்றிரண்டு பாட்டுகள் ஒன்றோடொன்று குழம்பும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுவதால் மன்னிக்கலாம்.

விலைபோன கதை சற்றுச் சிக்கலானது. பெர்க்லியில் கில்மன் தெரு 924ஆம் எண்ணில் தொண்டர்கள் நடத்தும் சிறிய அரங்கில் வளர்ந்த குழு இது. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு அப்போது அங்கே மேடை கிடையாது. ரிப்ரைஸ் கம்பெனியில் கையெழுத்திட்டதும் கிரீன் டேக்கும் கதவு சாத்தப்பட்டது. அந்த விதியை நான் குறைசொல்லமாட்டேன்; சிறிய இடங்கள் பிழைக்க அப்படியொரு கறார் வேண்டும். ஆனால் பணம் இசையைக் கெடுத்ததா என்பது தனிக் கேள்வி. அதற்குக் கையிலேயே சாட்சி இருக்கிறது. 'வெல்கம் டு பாரடைஸ்' பாட்டை முந்தைய 'கெர்ப்ளங்க்' ஆல்பத்தில் சிறிய கம்பெனிக்காகப் பதிந்தார்கள். தயாரிப்பாளர் ராப் கவாலோவோடு 'டூக்கி'யில் மறுபடி பதிந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாட்டின் கட்டு அதேதான். மாறியது தெளிவு: பேஸ் தனியாக எழுந்து நிற்கிறது, சொற்கள் இரைச்சலில் கரைவதில்லை. கூடப் பாட வேண்டியவனுக்குச் சொல் கேட்டாக வேண்டுமே!

கூட்டத்திடம் பாட்டை ஒப்படைப்பதில் ஆபத்தும் உண்டு. 1994 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் மழையில் ஊறிய கூட்டம் சேற்றை அள்ளி மேடைமேல் வீசியது. குழுவும் திருப்பி வீசியது. மேடையேறிய ரசிகர்களில் ஒருவர் என்று நினைத்துக் காவலர் டர்ன்ட்டையே மடக்கிப் பிடிக்க, அவருக்குப் பல் போயிற்று. அதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அடுத்த மாதம் பாஸ்டனில் நடந்த இலவசக் கச்சேரியை அப்படிச் சொல்ல முடியாது: எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு கூட்டம், கலவரம், சில பாட்டுகளிலேயே நிகழ்ச்சி ரத்து. கூட்டத்தை நம்பி எழுதிய இசை, கூட்டத்தின் குணத்துக்கும் பணயம்தான். அதற்காக நாற்காலியில் கைகட்டிக் கேட்கும் இசையாக இதை மாற்றினால் மிஞ்சுவது சக்கை.

2024இல் கிரீன் டே குழுவினர் தம் கச்சேரிப் பயணத்தில் இந்த ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தார்கள். புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று: பிரபலமான மூன்று பாட்டுகளைப் பொறுக்கியெடுக்காமல், 'பர்ன்அவுட்'டில் தொடங்கி வரிசை மாற்றாமல் கேளுங்கள். அதற்குப் பிறகு உட்ஸ்டாக் காணொளியைப் பாருங்கள்.